வீட்டுச் சர்க்கரைச் சோதனைக் கருவியும் ஊராட்சியின் கடமையும்

ஓர் ஊரில் படியும் எடைக்கல்லும் சரியாக இருந்தால்தான் விற்பவரும் வாங்குபவரும் மனநிறைவுடன் வாழ முடியும். நெல் மூட்டையை நிறுக்கும் தராசு ஒரு கிலோ குறைத்துக் காட்டினால் உழவர் பெருமக்கள் வாளா இருப்பதில்லை. வியாபாரியிடம் வழக்கிடுகின்றனர், அதிகாரியிடம் முறையிடுகின்றனர். இவ்வித ஏமாற்றம் நேராதிருக்கவே அரசு தராசுகளையும் எடைக்கற்களையும் குறித்த காலத்தில் சோதித்து முத்திரை இடுகின்றது.

இன்று நமது கிராமங்களில் மற்றுமோர் அளவுகோல் புகுந்திருக்கின்றது. நீரிழிவு நோயாளிகள் தம் வீட்டிலேயே விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைப் பட்டையில் வைத்து, சர்க்கரையின் அளவை அறிந்து கொள்ளும் குளுக்கோமீட்டர் என்னும் சிறு கருவியே அது. நெல்லை நிறுக்கும் தராசு தவறினால் பொருள் நட்டம் ஏற்படும். இக்கருவி தவறினால் உயிருக்கே ஊறு நேரலாம். ஆயினும் இதனைச் சோதித்து முத்திரை இட எவரும் வீடு தேடி வருவதில்லை. கருவி பழுதுடையதென்று அதனைச் செய்தவர்களே அறிவித்துத் திரும்பக் கேட்கும் வேளையில் செய்ய வேண்டுவன யாவை, நல்ல கருவியைத் தூய்மையாகப் பேணும் முறை யாது, இவற்றில் ஊராட்சிக்கு உள்ள பங்கு என்ன என்பவற்றை ஈண்டு விளக்குவோம்.

நோயின் பரப்பு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 இலட்சம் மக்கள் நீரிழிவு நோய்க்கு ஆளாகியிருப்பதாக மதிப்பிட்டது. இது நகரத்தாருக்கு மட்டுமே உரிய நோய் என்று எண்ணியிருந்த காலம் மலையேறிவிட்டது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், ஊழியர்கள் இல்லந்தோறும் சென்று சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து மருந்து வழங்கத் தலைப்பட்டனர். இது தவிர, தாமே விலை கொடுத்து வாங்கிய கருவியை வைத்திருப்போரும், வெளியூரில் வேலை பார்க்கும் மக்கள் அனுப்பிய கருவியை வைத்திருப்போரும் நம் ஊர்களில் உளர்.

கருவி வேலை செய்யும் விதம்

பட்டையின் நுனியில் ஒரு வகை நொதிப்பொருள் பூசப்பட்டிருக்கின்றது. இரத்தத்திலுள்ள சர்க்கரை அப்பொருளோடு கலந்து மாற்றமடையும்போது மிக நுண்ணிய மின்னோட்டம் உண்டாகின்றது. சர்க்கரை மிகுதியாக இருந்தால் மின்னோட்டமும் மிகும். கருவி அதனை அளந்து எண்ணாக மாற்றிக் காட்டுகின்றது. முற்காலக் கருவிகள் மின்னோட்டத்திற்குப் பதிலாக ஒளியைப் பயன்படுத்தின. பட்டையின் நிறமாற்றத்தை ஒரு சிறு கண்ணாடிச் சாளரத்தின் வழியே ஒளி பாய்ச்சி அறிந்தன. அச்சாளரத்தில் இரத்தக் கறை படிந்தால் எண் தவறும். ஆகவே அவற்றை அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தது. இக்காலக் கருவிகளில் இரத்தம் பெரும்பாலும் பட்டையோடு நின்றுவிடுகின்றது. எனினும் பட்டை செருகும் துளையில் இரத்தமோ ஈரமோ தூசியோ புகுந்தால் கருவி கெடுவது உறுதி.

எந்தக் கருவியும் மயிரிழையும் பிசகாமல் அளப்பதில்லை என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டின் உலகத் தர விதிப்படி, நூறு சோதனைகளில் 95 சோதனைகளேனும் ஒரு வரம்புக்குள் அமைய வேண்டும். உண்மை அளவு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்குமானால் நூற்றுக்கு 15 பங்கு கூடுதல் குறைவு ஏற்கப்படும்; 100க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராம் கூடுதல் குறைவு ஏற்கப்படும். எடுத்துக்காட்டாக, உண்மை அளவு 200 ஆயின் கருவி 170 முதல் 230 வரை காட்டலாம். இது குறையன்று. இவ்வரம்பைத் தாண்டித் தொடர்ந்து தவறுவதே குறையாகும்.

திரும்பப் பெறுதல் என்பது யாது?

விற்பனையான பின்னர் ஒரு கருவியில் குறை காணப்பட்டால், அதனைச் செய்த நிறுவனம் இன்ன வகை, இன்ன வரிசை எண்ணுள்ள கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என அறிவித்து மாற்றுக் கருவி தருவதையே திரும்பப் பெறுதல் என்கின்றோம். நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகள், ஊறு விளைவிக்கக்கூடிய கருவியைச் சந்தையிலிருந்து மட்டுமன்றி நோயாளிகளிடமிருந்தும் விலக்கிக் கொள்ளும் பொறுப்பை அதனைச் செய்தவர்மீதும் அவருடைய முகவர்மீதும் சுமத்தியுள்ளன.

இத்தகைய குறை எவ்வளவு கொடியது என்பதை அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்று தெளிவாக்கும். 1998ஆம் ஆண்டில் லைப்ஸ்கேன் நிறுவனம் ‘ஷூர்ஸ்டெப்’ என்னும் கருவியில் 1997ஆம் ஆண்டு ஆகஸ்டுக்கு முன்னர் செய்யப்பட்டவற்றைத் திரும்பப் பெற்றது. சர்க்கரை 500 மில்லிகிராமுக்கு மேல் ஏறும்போது ‘மிக உயர்வு’ என எச்சரிக்க வேண்டிய அக்கருவி, சில வேளைகளில் ‘பிழை’ என்னும் குறியை மட்டுமே காட்டியது. நோயாளி என்ன எண்ணுவார்? கருவியில் ஏதோ கோளாறு என்று கருதிப் படுத்துறங்கிவிடுவார். அப்பொழுது அவர் உடனே மருத்துவமனையில் இருக்க வேண்டியவர். இன்னொரு குறை, பட்டையை முழுவதும் செருகாவிடினும் கருவி ஓர் எண்ணைக் காட்டியது. அவ்வெண் உண்மையைவிடக் குறைந்து நின்றது. இக்குறைகளை அரசுக்கு உரியவாறு அறிவிக்கத் தவறிய குற்றத்தை அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, மொத்தம் 6 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது.

2013ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் ‘வெரியோ ஐக்யூ’ என்னும் கருவி, சர்க்கரை 1024 மில்லிகிராமையும் அதற்கு மேலும் எட்டும்போது எச்சரிப்பதற்கு மாறாகத் தானே அணைந்து போயிற்று என்பதால் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில் நிப்ரோ நிறுவனத்தின் சில கருவிகள் அளவு முறை மாறி அமைக்கப்பட்டிருந்தமையால் திரும்பப் பெறப்பட்டன. சர்க்கரையை அளக்க உலகில் இரண்டு முறைகள் உள. நம் நாட்டில் மில்லிகிராம் கணக்கும், வேறு சில நாடுகளில் மில்லிமோல் கணக்கும் வழங்குகின்றன. ஒரு மில்லிமோல் 18 மில்லிகிராமுக்குச் சமம். ஆகவே மில்லிகிராம் கணக்கில் 200 எனத் தோன்ற வேண்டிய அளவு மற்றதில் 11.1 எனத் தோன்றும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த கருவியை வைத்திருப்போர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

அறிவிப்பு நம் ஊருக்கு எட்டாதது ஏன்?

திரும்பப் பெறும் அறிவிப்பு நிறுவனத்தின் இணையத் தளத்திலும் செய்தித்தாளிலும் வரலாம். கருவியை வாங்கிய அன்று பெயரையும் முகவரியையும் பதிவு செய்தவர்களுக்குக் கடிதமாகவும் வரலாம். ஆனால் நம் ஊரில் கருவி வந்த வழியைப் பாருங்கள். மருமகன் பரிசாகத் தந்தது ஒன்று. முகாமில் கிடைத்தது ஒன்று. இறந்துபோன பெரியவர் பயன்படுத்தியதை அவர் தம்பி எடுத்துக்கொண்டது ஒன்று. ரசீது இல்லை, பதிவும் இல்லை. நிறுவனம் எத்துணை நேர்மையுடன் அறிவித்தாலும் அவ்வீட்டை அது தேடிக் காண வழியில்லை. குறையுள்ள கருவி அங்கே நாள்தோறும் பொய்யெண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். பொய்யாக உயர்ந்த எண்ணை நம்பி இன்சுலினை மிகுதியாகப் போட்டுக்கொண்டவர் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். பொய்யாகத் தாழ்ந்த எண்ணை நம்பி மருந்தைக் குறைத்தவர் நாளடைவில் கண்ணையும் சிறுநீரகத்தையும் இழக்கவும் கூடும். எனவே, அறிவிப்பு நம்மைத் தேடி வராத இடத்தில் நாம்தான் அதனைத் தேடிச் செல்ல வேண்டும்.

மாற்றும் முறை

கருவியின் பின்புறத்திலோ மின்கலம் வைக்கும் மூடிக்கு உள்ளேயோ அதன் வகைப் பெயரும் வரிசை எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். பட்டை வைத்துள்ள சிமிழில் தொகுதி எண் இருக்கும். சில வேளைகளில் கருவி நன்றாக இருப்பினும் பட்டைகள் மட்டுமே திரும்பப் பெறப்படும். ஆதலால் இரண்டு எண்களையும் எழுதி வைத்தல் நலம். அறிவிப்பில் கண்ட எண்ணோடு நம் எண் ஒத்திருக்குமானால் பின்வருவனவற்றைச் செய்க.

முதலாவதாக, அக்கருவியைக் கொண்டு மருந்தின் அளவைத் தீர்மானிப்பதை அன்றே நிறுத்துக. ஆனால் சோதனையையோ மருந்தையோ நிறுத்திவிடலாகாது. மாற்றுக் கருவி வரும்வரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக் கொள்ளலாம்.

இரண்டாவதாக, கருவியின் நினைவில் பதிந்துள்ள பழைய அளவுகளைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொண்டு மருத்துவரிடம் காட்டுக. அந்தப் பொய்யான எண்களை நம்பியே அவர் மருந்தைக் கூட்டியோ குறைத்தோ இருக்கலாம். இதனை மருத்துவரிடம் சொல்லாவிடின் கருவி மாறியும் தவறு மாறாது.

மூன்றாவதாக, விற்ற கடையிலோ நிறுவனத்தின் இலவசத் தொலைபேசியிலோ தெரிவித்து மாற்றுக் கருவியைக் கேட்டுப் பெறுக. பழைய கருவியை அனுப்பும்படி அவர்கள் கேட்டால், கீழே கூறும் முறையில் தூய்மை செய்து, உறையிலிட்டு அனுப்புக. அதில் ஒட்டியிருப்பது இரத்தம் என்பதை மறவற்க. அதனை மற்றொரு நோயாளிக்குத் தானமாக அளிப்பதும், பாதி விலைக்கு விற்பதும் கூடா. அது அறம் போலத் தோன்றினும் தீங்கேயாகும்.

நான்காவதாக, புதிய கருவி வந்ததும் அளவு முறை மில்லிகிராம்தானா என்று பார்க்க வேண்டும். தேதியும் நேரமும் சரி செய்ய வேண்டும். பழைய பட்டைகள் புதிய கருவிக்குப் பொருந்தும் என்று எண்ணற்க. அந்தந்தக் கருவிக்கு அதனதன் பட்டையே உரியது. கருவியோடு கிடைக்கும் சோதனைக் கரைசலில் ஒரு துளியைப் பட்டையில் வைத்துப் பார்க்க. வரும் எண் சிமிழில் அச்சிட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும். பின்னர் ஒரு நாள் காலையில் உணவு உண்ணாமல் சுகாதார நிலையத்திற்குச் சென்று, ஆய்வுக்கூடத்திற்கு இரத்தம் கொடுக்கும் அதே வேளையில் நம் கருவியிலும் சோதித்து இரண்டையும் ஒப்பிடுக. உழவர் தம் தராசை முத்திரைக் கல்லோடு ஒப்பிடுவது போன்றதே இது.

தூய்மை செய்யும் முறை

தூய்மை என்பது இருபடி வேலை. அழுக்கையும் இரத்தத்தையும் அகற்றுதல் முதற்படி. கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமிகளை அழித்தல் இரண்டாம் படி. முதற்படியைச் செய்யாமல் இரண்டாம் படியைச் செய்வது, சாணம் படிந்த தரையைக் கழுவாமல் அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக் கொள்க. கருவியிலிருந்து பட்டையை எடுத்துவிட்டு, கருவியை அணைத்து வைக்க. கருவிக்குரிய கையேட்டில் குறித்த கிருமிநாசினித் துடைப்பான் ஒன்றினால் வெளிப்புறம் முழுவதும் துடைத்துக் கறையை அகற்றுக. பின்னர் இரண்டாவது துடைப்பானால் மறுபடியும் துடைத்து, அதன் உறையில் குறித்த நேரம்வரை கருவியின் மேற்புறம் ஈரமாகவே இருக்கும்படி விட்டு, அதன்பின் உலர விடுக. பட்டை செருகும் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்தால் ஈரம் உட்புகாது. கருவியை நீரில் அமிழ்த்துவதும், அதன்மேல் நேராக மருந்து தெளிப்பதும், துளைக்குள் குச்சியோ துணியோ விடுவதும் கருவியைக் கெடுக்கும்.

ஸ்பிரிட் தடவினால் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. விரலைத் துடைக்க அது உதவும். ஆனால் இரத்தத்தின் வழியே பரவும் வைரஸ் கிருமிகளைக் கருவியின் மேற்புறத்திலிருந்து அழிக்க 70 விழுக்காட்டுச் சாராயக் கரைசல் போதாது என்றும், பத்தில் ஒரு பங்கு வெளுப்புக் கரைசல் கருவியின் மேலோட்டைச் சிதைக்கக் கூடும் என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது. எனவே கையேடு கூறும் பொருளையே பயன்படுத்துதல் முறை. கையேடு படிக்க இயலாதவர்களுக்குக் கிராமச் சுகாதாரச் செவிலியர் படித்துச் சொல்லலாம்.

கருவியைப் பலர் பயன்படுத்துவதில் உள்ள தீங்கு

மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி என்னும் கிருமி, உலர்ந்த இரத்தத்திலும் 7 நாட்களுக்குக் குறையாமல் உயிர்த்திருக்க வல்லது. அமெரிக்காவில் முதியோர் இல்லங்கள் சிலவற்றில் ஊசிக் கருவியையும் குளுக்கோமீட்டரையும் பலருக்கும் பொதுவாகப் பயன்படுத்தியதால் இந்நோய் பரவியது. 2010ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசுத் துறைகள் இதனைக் குறித்து எச்சரிக்கை விடுத்தன. விரலைக் குத்தும் ஊசியையும் அதனை இயக்கும் பேனா போன்ற கருவியையும் ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். கணவனும் மனைவியும் கூடப் பகிர்ந்து கொள்ளலாகாது. அளக்கும் கருவியும் ஆளுக்கு ஒன்றாக இருப்பதே சிறந்தது. வேறு வழியில்லாத இடத்தில் ஒவ்வொருவருக்கும் பின்னர் மேற்கூறிய இருபடித் தூய்மையைச் செய்த பிறகே அடுத்தவருக்குப் பயன்படுத்தல் வேண்டும். முகாம்களில் இது நடைபெறுகின்றதா என்று ஊராட்சி உறுப்பினர் கேட்டறிவது தவறாகாது.

கருவி நன்றாயிருந்தும் எண் தவறுவது

குறை எப்பொழுதும் கருவியுடையதன்று. கரும்பு வெட்டியபின், வெல்லம் காய்ச்சியபின், மாம்பழம் உரித்தபின் கை கழுவாது சோதித்தால் விரலில் ஒட்டிய இனிப்பையும் கருவி இரத்தச் சர்க்கரையாகவே எண்ணும். இதற்கு ஸ்பிரிட்டால் துடைப்பது போதாது; நீரும் சோப்பும் கொண்டு கழுவி ஈரமின்றி உலர்த்துதல் வேண்டும். பட்டைகளை 30 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் வைக்குமாறு பெரும்பாலான சிமிழ்களில் குறித்திருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் அடியில் வைத்த பட்டையை நம்ப முடியாது. சிமிழை ஒவ்வொரு முறையும் இறுக மூடுக. காலம் கடந்த பட்டையை எறிந்துவிடுக. இரத்த சோகை உடையவர்களுக்கு எண் உண்மையைவிட உயர்ந்து தோன்றக் கூடும். அவர்கள் மருத்துவரைக் கலந்து கொள்ளல் வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கருவி சொல்வதும் உடல் சொல்வதும் மாறுபட்டால் உடலையே நம்புக. வியர்வை, நடுக்கம், கடும்பசி, தடுமாற்றம் ஆகியவை தோன்றினால், எண் எதுவாயினும் உடனே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்துவிட்டுப் பின்னர் சோதிக்கலாம். நினைவிழந்தவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றாமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, பெருமூச்சு, அயர்வு ஆகியவை தோன்றினால், கருவி ‘பிழை’ என்றாலும் ‘சரி’ என்றாலும் மருத்துவமனைக்குச் செல்வதே அறிவுடைமை.

கழிவுகள்

பயன்படுத்திய ஊசிகளைக் குப்பைமேட்டில் எறிவதால் தூய்மைக் காவலர்களும் விளையாடும் சிறுவர்களும் துன்புறுகின்றனர். கடினமான நெகிழிப் புட்டியில் சேர்த்து, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிச் சுகாதார நிலையத்தின் ஆலோசனைப்படி ஒப்படைக்கலாம். கருவியிலிருந்து எடுத்த வட்ட வடிவ மின்கலம் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அதனை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே புண்ணாகிவிடும்.

ஊராட்சி செய்யத் தக்கது

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு பதிவேடு போதும். ஊரில் எவரெவர் வீட்டில் கருவி உண்டு, அதன் வகை யாது, வரிசை எண் என்ன என்பவற்றை வீட்டாரின் இசைவுடன் எழுதி வைக்கலாம். நோயாளியின் சர்க்கரை அளவு அதில் இடம்பெற வேண்டியதில்லை. அது அவருக்கும் மருத்துவருக்கும் உரியது. மாதம் ஒருமுறை, படித்த இளைஞர் ஒருவர் நிறுவனங்களின் அறிவிப்புகளையும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிவிப்புகளையும் பார்த்துப் பதிவேட்டோடு ஒப்பிடலாம். ஒத்த எண் காணப்பட்டால் அன்றே அவ்வீட்டுக்குத் தெரிவிக்கலாம். கிராம சபைக் கூட்டத்தில் கை கழுவுதல் முதல் ஊசியை அகற்றுதல் வரை செவிலியரைக் கொண்டு செய்து காட்டச் செய்யலாம்.

கருவியால் ஊறு நேர்ந்தால் அதனை மறைத்து வைத்தல் ஆகாது. மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைத் திரட்டி ஆராய்வதற்கென 2015ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதனை நடத்துகின்றது. சுகாதார நிலைய மருத்துவர் வாயிலாக அதற்குத் தெரிவிக்கலாம். ஒரு சிற்றூரிலிருந்து சென்ற முறையீடு மற்ற ஊர்களிலுள்ள நோயாளிகளையும் காக்கக் கூடும்.

விதைநெல்லைத் தெரிந்தெடுப்பதிலும், தராசின் நாவைக் கூர்ந்து நோக்குவதிலும் நம் உழவர்களுக்கு நிகரானவர் இல்லை. அதே கவனத்தை இச்சிறு கருவியின்மேலும் செலுத்தினால் போதும். அடுத்த ஊராட்சிக் கூட்டத்திலேயே இப்பதிவேட்டைத் தொடங்குமாறு தலைவர்களையும் உறுப்பினர்களையும் கேட்டுக் கொள்கின்றோம்.